டேப்பில் இன்னும் ஐந்து பேர்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டோக்கியோ டோம் அரங்கில் எடுத்த இரண்டு கச்சேரி வீடியோக்கள். ஒன்று 1992 ஜனவரியில் எடுத்தது, மற்றது 1997 டிசம்பர் 31 அன்று எடுத்தது. இரண்டிலும் மேடையில் ஐந்து பேர். இரண்டிலும் அந்த ஐவரில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் மூவர்தான். டிரம்ஸும் பியானோவும் வாசிக்கிற யோஷிகி, பாடுகிற டோஷி, ஓரமாக நின்று தன் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கிற பாட்டா. முதல் வீடியோவில் பேஸ் கிட்டாரோடு நிற்கும் தைஜி இல்லை. இரண்டாவதில் அதே இடத்தில் நிற்கும் ஹீத் இல்லை. இரண்டிலும் கண்ணைப் பறிக்கும் தலைமுடியும் கிட்டாருமாக மேடையைத் தன் வீட்டுத் திண்ணை போல நினைத்துத் திரிகிறாரே, அந்த ஹிடேயும் இல்லை.

எக்ஸ் ஜப்பான் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கதையை அதன் ஆல்பங்களிலிருந்தும் சொல்லலாம். ஆனால் ஆல்பங்கள் எண்ணி ஐந்தே ஐந்து. கடைசி ஆல்பமான ‘டாலியா’ வந்தது 1996இல். அதற்குப் பிறகு புதிய ஸ்டுடியோ ஆல்பம் என்று முழுதாக ஒன்றுகூட வரவில்லை. வந்து கொண்டே இருந்தவை வீடியோக்கள். கச்சேரி கேசட், பாட்டு வீடியோத் தொகுப்பு, டிவிடி, மறுபடியும் அதே கச்சேரியின் முழுப்பதிப்பு. குழு கலைந்து கிடந்த பத்து ஆண்டுகளில் அதை உயிரோடு வைத்திருந்தவை இந்தப் பெட்டிகள்தான். ஆகவே நான் இந்தப் பக்கமிருந்து தொடங்குகிறேன்.

கடலோர ஊரிலிருந்து இருவர்

டோக்கியோவுக்குத் தெற்கே, சிபா மாகாணத்தின் கடைக்கோடியில் ததேயாமா என்று ஒரு கடலோர ஊர். அங்கே மழலையர் பள்ளியில் நான்கு வயதில் சிநேகமானவர்கள் யோஷிகியும் டோஷியும். யோஷிகியின் வீட்டில் கிமோனோ துணிக்கடை. அப்பா வியாபாரத்தோடு பியானோவும் வாசிப்பவர். பையனுக்கு நான்கு வயதிலேயே பியானோப் பாடம் தொடங்கிவிட்டது. பையனுக்குப் பத்து வயதானபோது அப்பா தற்கொலை செய்துகொண்டார். அதன்பிறகு கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் இசைத்தட்டு ஒன்று பையன் கைக்கு வந்தது, அம்மா டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தார். பியானோ அப்பா கொடுத்தது, டிரம்ஸ் அப்பா போனபிறகு வந்தது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் ஒரே ஆள் மாறி மாறி வாசிப்பதுதான் பிற்பாடு எக்ஸ் ஜப்பானின் கச்சேரி. அரை மணி நேரம் வீடியோ பார்த்தால் போதும், எந்தப் பாட்டு எந்த வாத்தியத்தின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்று நமக்கே பிடிபட்டுவிடும்.

1982இல் உயர்நிலைப்பள்ளிப் பருவத்தில் குழு தொடங்கியபோது வைத்த பெயர் வெறும் ‘எக்ஸ்’. நல்ல பெயர் கிடைக்கும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்தது. கடைசிவரை நல்ல பெயர் கிடைக்கவில்லை. 1992இல் அமெரிக்காவுக்குப் போக நினைத்தபோது லாஸ் ஏஞ்சலஸில் அதே பெயரில் ஏற்கனவே ஒரு குழு இருந்ததால் ‘ஜப்பான்’ ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் பெயர்க் காரணம்.

எண்பதுகளின் நடுவில் டோக்கியோவின் மெட்டல் வட்டாரம் இவர்களைப் பந்தியில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அப்போது ஜப்பானிய மெட்டலுக்கு முகம் என்றால் லவுட்னெஸ். 1985இல் ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’ ஆல்பத்தோடு அமெரிக்க பில்போர்டு பட்டியலின் முதல் நூறுக்குள் போய், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் வாசித்துவிட்டு வந்தவர்கள். தோலாடை, வியர்வை, விரல் வேகம் என்று இருந்த அந்த உலகத்துக்குள் ஸ்பிரே அடித்துக் கூரைவரை நிறுத்திய தலைமுடியும், பெண்களுக்கே கூடுதலாகத் தெரியும் ஒப்பனையுமாக இவர்கள் நுழைந்தார்கள். போதாக்குறைக்கு பீட் தக்கேஷியின் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேறு தலைகாட்டினார்கள். ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைக்குள் வாத்தியங்களோடு புகுந்து, சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேல் இடி முழக்கம் போல வாசிக்கிற கூத்து. மெட்டல் என்பதைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று சக கலைஞர்கள் கொதித்தார்கள். ஆனால் யோஷிகிக்கு ஒன்று புரிந்திருந்தது: இந்த முகத்தைக் கேமரா விடாது.

1986இல் சொந்தமாக எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, 1988இல் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு பெரிய நிறுவனத்தின் மூலம் வந்த ‘புளூ பிளட்’ ஆல்பத்தின் அட்டையில் வன்முறை, குற்றம், கண்ணுக்கு அதிர்ச்சி என்றெல்லாம் ஒரு முழக்கத்தை அச்சடித்தார்கள். அதில் இருந்த ‘விஷுவல்’ என்ற சொல்தான் பிற்பாடு ‘விஷுவல் கெய்’ என்று ஒரு தலைமுறை இசைக்குழுக்களுக்கே குலப்பெயராகிவிட்டது. இசையின் பெயரால் அமையாமல் தோற்றத்தின் பெயரால் ஒரு வகை இசை அறியப்படுவது உலகத்தில் அரிது.

இரண்டரையாம் பாகம்

வீடியோ வரிசைக்கும் அவர்கள் வைத்த பெயர் ‘விஷுவல் ஷாக்’. 1989இல் டோக்கியோவின் ஷிபுயா பொதுமண்டபத்திலும் ஹிபியா திறந்தவெளி அரங்கிலும் எடுத்தவை முதல் கேசட்டுகள். பாகம் இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை என்று எண் போனது. முழு எண்கள் கச்சேரிகளுக்கு, அரை எண்கள் பாட்டு வீடியோக்களுக்கு என்பது போல ஓர் ஒழுங்கு அதில் தெரிகிறது. திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, எனக்கு அந்த அரைக்கணக்கு பொருத்தமாகவே படுகிறது. உள்ளதைச் சொன்னால், பாட்டுக்கென்று தனியாக எடுத்த வீடியோக்கள் இந்தக் குழுவின் பாதிதான். கச்சேரி வீடியோதான் முழுசு.

விதிவிலக்காக ஒன்றிரண்டு உண்டு. 1993இல் கிளாம்ப் என்ற பெண் ஓவியர் குழுவின் ‘எக்ஸ்’ மங்காக் கதையை எடுத்துக்கொண்டு, எக்ஸ் ஜப்பானின் பாட்டுகளோடு சேர்த்து ஒரு குறும் அனிமே வந்தது. பெயர்ப் பொருத்தம் பார்த்துச் செய்த சம்பந்தம் போல. மறுவருடம் வந்த ‘ரஸ்டி நெய்ல்’ பாட்டுக்கும் வீடியோ அனிமே வடிவில்தான். மேடையில் இவர்கள் ஏற்கனவே வரைந்த சித்திரம் போலத்தான் இருப்பார்கள். அதனால் சித்திரமாகவே வரைந்தபோது குறை எதுவும் தெரியவில்லை.

கச்சேரி வீடியோக்களுக்கு வருவோம். இவற்றை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, டிரம்ஸ். மெட்டலில் டிரம்மருக்கு இரண்டு காலுக்கும் ஒவ்வொரு பேஸ் டிரம் இருக்கும். வலது, இடது, வலது, இடது என்று மிதித்துக்கொண்டே இருந்தால் அது தாளமாகக் கேட்காது, பாட்டுக்கு அடியில் ஓடும் ரயில் போல அதிரும். யோஷிகி அந்த ரயிலை நிறுத்தவே மாட்டார். தோளிலிருந்து கை வீசி, தலையை முன்னும் பின்னும் உலுக்கிக்கொண்டே அடிப்பார். ஒல்லி உடம்பு. பாதிக் கச்சேரியில் மேல்சட்டை போயிருக்கும். இறுதியில் டிரம்ஸ் செட்டையே தூக்கி எறிந்து, சிம்பல்களைச் சாய்த்து, நடுவில் தானும் சாய்வார். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து எடுத்த வீடியோக்களில் அவர் கழுத்தில் ஒரு பட்டை இருக்கும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். தலையை உலுக்கி உலுக்கியே கழுத்தெலும்பின் வட்டு பிதுங்கிப் போனது. 1996இல் சுற்றுப்பயணத்தின் நடுவில் விழுந்து, சில கச்சேரிகளையே ரத்து செய்ய வேண்டிவந்தது. 2017இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. இந்த வீடியோக்களை வரிசையாகப் பார்ப்பது ஒரு வகையில் ஒரு மனிதனின் கழுத்து தேய்வதைப் பார்ப்பதுதான்.

இரண்டாவது, எதிரே நிற்கும் கூட்டம். ‘எக்ஸ்’ என்ற பாட்டு வரும்போது கீழே இருப்பவர்கள் எல்லோரும் தலைக்கு மேல் இரண்டு முன்னங்கைகளையும் குறுக்காக வைத்து, தாளத்துக்கு ஒரே சமயத்தில் குதிப்பார்கள். உயரத்திலிருந்து கேமரா மெல்ல நகரும்போது, டோக்கியோ டோமின் தரை முழுக்கச் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் எழும்பி எழும்பி அமர்வது தெரியும். அந்த அரங்கின் வெள்ளைக் கூரைக்குத் தாங்குதூண் கிடையாது. உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, பலூன் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். ஐம்பதாயிரம் பேர் குதிக்கிற சத்தத்தை அந்தக் கூரை எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பதைப்பு.

தெரியாமல் கை தட்டியவர்கள்

1992 ஜனவரி 5, 6, 7. மூன்று நாள் தொடர்ந்து டோக்கியோ டோம். பேஸ்பால் ஆட்டத்துக்குக் கட்டிய அந்த இடம் திறந்து நான்கு ஆண்டுகூட ஆகாத காலம். அந்தக் கச்சேரியின் வீடியோவுக்கு வைத்த தலைப்பின் பொருள் ‘அழிவை நோக்கி’. தலைப்பு சும்மா மிரட்டலுக்குத்தான். ஆனால் பலித்துவிட்டது.

அந்த மூன்று நாளும் தைஜி வாசிக்கிறார். பேஸ் கிட்டார் என்றால் பின்னால் நின்று பக்கவாத்தியமாக உறுமுவது என்று நினைப்பவர்கள் இவரைப் பார்க்க வேண்டும். விரல்கள் கம்பியில் தட்டுவதும் சுண்டுவதும் தனி உரையாடல் போல நடக்கும். கூட்டம் அலறுகிறது. அவர் சிரிக்கிறார். அந்த மாதம் முடிவதற்குள் அவர் குழுவில் இல்லை என்று அறிவிப்பு வந்துவிட்டது. வீடியோவில் கை தட்டுகிற ஐம்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. இன்றைக்குப் பார்க்கிற நமக்குத் தெரியும். அதனால் அவர் மேடையின் நுனிக்கு வரும்போதெல்லாம் கூட்டம் ஒன்றைப் பார்க்கிறது, நாம் வேறொன்றைப் பார்க்கிறோம்.

எக்ஸ் ஜப்பானின் வீடியோக்களுக்கே உரிய குணம் இது. எடுத்த அன்று அவை கொண்டாட்டம். காலம் போகப் போகச் சாட்சி. எல்லாப் பழைய படங்களுக்கும் இது கொஞ்சம் பொருந்தும்தான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் யாரோ ஒரு தாத்தா இருப்பார். ஆனால் இந்தக் குழுவுக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது. குழுவும் அதைப் புரிந்துகொண்டு அந்த நாடாக்களோடு வாழப் பழகியது.

தைஜி போன இடத்துக்கு ஹீத் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் ராக்கஃபெல்லர் மையத்தில் ஆடம்பரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து, உலகத்தை வெல்லப் போவதாக அறிவித்தார்கள். உலகம் அப்போது காத்திருக்கவில்லை. அமெரிக்க ஆல்பம் வரவே இல்லை. அதற்குப் பதில் 1993இல் ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ வந்தது: ஒரே பாட்டு, 29 நிமிடம், லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா பின்னணியில். நடுவில் யோஷிகியின் பியானோ தனித்து நிற்கும். முதலில் முறையான ராகம் போல, போகப் போகச் சுருதி கெட்டு, ஒரு குழந்தை கோபத்தில் கட்டைகளை அறைவது போல. பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படி வாசித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் அதை முழுதாக வாசித்ததை வீடியோ எடுத்தார்கள். அந்த டிவிடி கடைக்கு வந்தது 2003இல். பத்து ஆண்டு. 1994 டிசம்பரில் இரண்டு இரவு நடந்த ‘நீல இரவு, வெள்ளை இரவு’ கச்சேரிகளின் முழு டிவிடிக்கோ 2007 வரை காத்திருக்க வேண்டிவந்தது. யோஷிகி எதையும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் கிடையாது. ஒரு பாட்டை ஆண்டுக்கணக்கில் திருத்துவார். ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு, நொந்துகொள்வதும் உண்டு. ஆனால் அந்தத் தாமதம் ஒன்றைச் செய்தது. கடைக்கு வந்தபோது ஹிடே இல்லை. ஒரு ராக் கச்சேரி டிவிடியை வாங்கியவர்கள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததே வேறு மாதிரி இருந்திருக்கும்.

1997, ஆண்டின் கடைசி நாள்

டோஷி அந்த ஆண்டு விலகுவதாகச் சொல்லிவிட்டார். மேடையின் பகட்டு வேண்டாம், வேறு வகை வாழ்க்கை வேண்டும் என்பது அவர் அப்போது சொன்ன காரணம். ஒரு கும்பலின் பிடியில் தான் மூளைச்சலவைக்கு ஆளாகி இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்து அவரே புத்தகமாக எழுதினார். நான்கு வயதிலிருந்து கூட இருந்தவன் போகிறான் என்றால் இன்னொரு பாடகரைத் தேட யோஷிகிக்கு மனமில்லை. செப்டம்பர் 22 அன்று குழு கலைவதாக அறிவித்தார்கள். டிசம்பர் 31, டோக்கியோ டோம், ‘தி லாஸ்ட் லைவ்’.

அந்த வீடியோவில் எனக்குப் பிடித்தவை பெரிய தருணங்கள் இல்லை. டோஷியும் யோஷிகியும் மேடையில் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள், உண்மைதான், அதைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. அது எல்லோரும் பார்க்கிற இடம். நான் பார்ப்பது ஹிடேயை. கழுத்துப்பட்டையோடு யோஷிகி ஒரு பக்கம், இறுகிய முகத்தோடு டோஷி மறுபக்கம், கூட்டத்தில் விசும்பல். இவர் மட்டும் விருந்துக்கு வந்த பிள்ளை போல மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் உடம்பில் இதயங்கள் வரைந்த அவருடைய கிட்டார் ஜப்பானில் ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் இருக்காது. சில இடங்களில் வாசிப்பைவிட கூட்டத்தைச் சீண்டுவதுதான் அவருக்கு முக்கியமாகப் படுகிறது. இழவு வீட்டில் யாராவது ஒருவர் எல்லோரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டு நடப்பாரே, அந்த மாதிரி. குழு கலைந்தாலும் 2000ஆம் ஆண்டில் புதுப் பாடகரோடு மறுபடி சேரலாம் என்று யோஷிகியோடு பேசி வைத்திருந்தவர் அவர்.

நான்கு மாதமும் இரண்டு நாளும் கழித்து, 1998 மே 2 அன்று, ஹிடே இறந்தார். வயது 33. போலீஸ் தற்கொலை என்றது. கூட இருந்தவர்கள் விபத்து என்றே இன்றுவரை சொல்கிறார்கள். டோக்கியோவின் ட்சுகிஜி ஹொங்கன்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 50,000 பேர் வந்தார்கள். டோக்கியோ டோம் நிறையும் கூட்டம். அதே கூட்டம்தானோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஹிடேயின் ஊர் யொகோசுகா. அரசியல்வாதி ஜுனிச்சிரோ கொய்சுமியின் தொகுதியும் அப்போது அதுதான். 2000இல் அங்கே ஹிடேக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள், 2005 வரை இருந்தது. 2001இல் பிரதமரான கொய்சுமி தன் கட்சி விளம்பரத்துக்கே எக்ஸ் ஜப்பானின் ‘ஃபாரெவர் லவ்’ பாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். யோஷிகியோ அதற்கு முன்பே, 1999 நவம்பரில், பேரரசர் அகிஹிதோ அரியணை ஏறிய பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பியானோ இசை அமைத்து அரண்மனை முன்னால் வாசித்துவிட்டார். சாப்பாட்டுக் கடையில் கேலிக்கூத்தாக வாசித்தது என்ன ஆயிற்று பாருங்கள்.

ஒளியால் செய்த மனிதர்

2007இல் மறுபடியும் சேர்ந்தார்கள். ஒதைபா கடலோரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் புதுப் பாட்டு ஒன்றைப் படம்பிடித்தார்கள். ‘சா 4’ என்ற ஹாலிவுட் திகில் படத்துக்கு எழுதிய பாட்டு. அதில் கிட்டார் ஹிடேயுடையது. வெளியிடாமல் கிடந்த பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுத்துக் கோத்தது. மறுவருடம் மார்ச் 28 அன்று மீண்டும் டோக்கியோ டோம். கச்சேரி தொடங்கவே மணிக்கணக்கில் தாமதம். ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ வந்தபோது மேடையில் ஹிடே தோன்றினார். 1990களின் கச்சேரியில் அதே பாட்டை, அதே அரங்கில் அவர் வாசித்ததன் படப்பதிவிலிருந்து எடுத்து ஹோலோகிராமாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒளியால் செய்த ஹிடே தளராமல் வாசிக்க, மறுபக்கம் சதையும் எலும்பும் கொண்ட யோஷிகி டிரம்ஸ் மேல் சரிந்து விழுந்தார். கச்சேரி அத்தோடு முடிந்தது.

இதை யாரும் எழுதி அமைக்க முடியாது. எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள்.

தைஜி 2010 ஆகஸ்டில் யொகோஹாமாவின் நிஸ்ஸான் ஸ்டேடியத்தில் விருந்தினராக வந்து பழைய தோழர்களோடு வாசித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சைப்பான் தீவில் இறந்தார். 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் எக்ஸ் ஜப்பான் ஏறியபோது ஹோலோகிராமில் இருவர் ஆகிவிட்டார்கள், ஹிடேயும் தைஜியும். ஆயுளில் எப்போதும் போகாத பாலைவன மேடைக்கு அவர்களைக் கூட்டிப் போனார்கள். ரசிகர்கள் அழுதார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இருந்தாலும் என் மனசு அந்த ஒளி உருவங்களில் ஒட்டவில்லை. காரணம் எளிது. ஹோலோகிராம் ஹிடே எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார். நேரத்துக்கு வருகிறார், நேரத்துக்குப் போகிறார், மற்றவர்கள் அவருடைய தாளத்துக்கு ஒத்து வாசிக்க வேண்டும். 1997 வீடியோவில் இருக்கும் ஹிடே அப்படிச் சொன்னபடி கேட்கிறவர் இல்லை. எதிர்பாராத இடத்துக்கு ஓடுகிறார். கேமராமேன் ஒரு நொடி தாமதமாகத்தான் அவரைப் பிடிக்கிறார். அந்த ஒரு நொடிதான் உயிர்.

ஸ்டீஃபன் கிஜாக் இயக்கிய ‘வீ ஆர் எக்ஸ்’ ஆவணப்படம் 2016இல் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது வாங்கியது. எதற்காக என்றால், படத்தொகுப்புக்காக. 2014 அக்டோபரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரியை மையமாக வைத்து, பழைய நாடாக்களின் ஊடாக முன்னும் பின்னும் போய்வருகிற படம். விருது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. இந்தக் குழுவின் கதையைச் சொல்ல எடிட்டர்தான் வேண்டும்.

இன்னொரு வீடியோவையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. 2018 செப்டம்பர் இறுதியில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் மகுஹரி மெஸ்ஸே அரங்கில் மூன்று நாள் கச்சேரி. மூன்றாம் நாள் புயல் ஜப்பானைத் தாக்கியது. ரயில் கிடையாது, யாரும் வர வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். கச்சேரியை நிறுத்தவில்லை. மேடை விளக்குகள் எல்லாம் எரிய, எதிரே ஆளே இல்லாத பெரிய கூடத்தைப் பார்த்துக்கொண்டு முழுக் கச்சேரியையும் வாசித்தார்கள். தொலைக்காட்சியில் நேரலை. கொரோனா காலத்தில் உலகத்தில் எல்லோரும் காலி அரங்கில் வாசிக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய சங்கதி இது. கூட்டம் கை குறுக்கே வைத்துக் குதிக்கிற பாட்டில் குதிக்க ஒருவரும் இல்லை. இதுவரை வீடியோவில் மேடை குறைந்துகொண்டே வந்தது. அன்று ஒரு தடவை எதிர்ப்பக்கம் காலி.

அன்று மேடையில் பேஸ் வாசித்த ஹீத் 2023 அக்டோபரில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 55. அத்தோடு தொடக்கத்தில் போட்ட கணக்கு இன்றைய நிலைக்கு வந்தது.

டிவிடி முடிந்தபிறகு

‘தி லாஸ்ட் லைவ்’ டிவிடியின் இறுதிக்கு மறுபடி வருகிறேன். ‘எண்ட்லெஸ் ரெயின்’ பாட்டைக் கூட்டமே பாடி முடித்து, கடைசிப் பாட்டும் முடிந்து, ஐவரும் கைகோத்து வணங்கி, திரையில் பெயர்கள் ஓடுகின்றன. பெட்டியின் மேல் ‘கடைசி நிகழ்ச்சி’ என்று அச்சிட்டிருக்கிறது. பார்த்தவர்களும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த ஐவரும் சேர்ந்து கடைசியாக வாசித்தது டோக்கியோ டோமில் இல்லை. அன்றிரவே அங்கிருந்து ஷிபுயாவில் உள்ள என்.எச்.கே. மண்டபத்துக்குப் போனார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு என்.எச்.கே. பொதுத் தொலைக்காட்சி நடத்தும் ‘கோஹகு’ பாட்டு நிகழ்ச்சி. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள்வரை வீட்டோடு உட்கார்ந்து, வருடம் கழிவதற்காகப் பக்வீட் மாவில் செய்த சோபா நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற நிகழ்ச்சி. பட்டுக் கிமோனோ அணிந்து பழைய பாட்டுப் பாடும் பாடகர்களுக்கு நடுவே, மூன்று மணி நேரம் மெட்டல் வாசித்த களைப்போடு இவர்கள் வந்து நின்று, ‘ஃபாரெவர் லவ்’ என்ற மெல்லிய பாட்டை வாசித்தார்கள். ஒரே ஒரு பாட்டு. அடுத்த கலைஞர் வந்தார்.

நிகழ்ச்சி வழக்கம்போல 11.45க்கு முடிந்தது. அதன்பிறகு அந்தச் சேனலில் எப்போதும் காட்டுவதைத்தான் காட்டினார்கள். இருட்டில் பனி படிந்த கோயில்கள், புத்தாண்டுக்காக ஒவ்வொன்றாக அடிக்கும் மணிகள். நூற்றெட்டு அடி.